வாசகர் கேள்வி–பதில்: குவரானி இலக்கணம், தமிழ்க் காதோடு

தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டில் ஸ்பானிஷோடு சம உரிமை பெற்ற ஆட்சிமொழி குவரானி. 1967 அரசியல் சாசனம் அதைத் தேசிய மொழி என்றது. 1992 சாசனம் ஆட்சிமொழி ஆக்கியது. கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும், பழங்குடி வம்சம் அல்லாத லட்சக்கணக்கான சாதாரணக் குடும்பங்கள் வீட்டில் பேசும் மொழி அது. அமெரிக்கக் கண்டத்தில் அப்படி இன்னொன்றைக் காட்டுவது கடினம். தில்லியில் ஸ்பானிஷ் படிக்கும் தமிழ் மாணவர்களும் மொழியியல் மாணவர்களும் குவரானி இலக்கணம் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

முதலில் படிக்கும் முறை. குவரானிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நெடில் வந்தால் அங்கே அழுத்தம் விழுகிறது என்று பொருள், நீட்ட வேண்டாம். க்க, த்த, ப்ப என்று இரட்டித்திருப்பது ஒலி குரலற்றது என்று காட்டுவதற்குத்தான். ஒற்றைக் க நடுவில் வந்தால் ‘பகல்’ என்பதில் வருகிற மெல்லிய க. ~ குறி மூக்கொலி உயிர். மேற்கோள் குறி (') தொண்டையில் ஒரு கணம் காற்றை அடைத்துத் திறப்பது. ° குறி இதழ் குவியாத உகரம்.

கேள்வி: நாம், நாங்கள் என்ற வேறுபாடு குவரானியிலும் உண்டாமே. அப்படியானால் தமிழுக்கும் அதற்கும் பழைய உறவு இருக்குமா? (மயூர் விஹார்)

இல்லை. குவரானி துப்பி மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் மொழிகள் பிரேசில், பராகுவே, பொலிவியா, அர்ஜென்டினா பக்கம் பரவியிருக்கின்றன. நாம்–நாங்கள் வேறுபாடு உலகின் பல மூலைகளில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகளில் இருக்கிறது. பெருவின் கெச்சுவாவில் உண்டு. இங்கேயே மராத்தியில் ‘ஆபண்’, ‘ஆம்ஹி’ என்று இருக்கிறது. அதற்காக மராத்தியைத் திராவிட மொழி என்று யாரும் சொல்வதில்லை.

உறவை நிரூபிப்பது இலக்கணச் சாயல் அல்ல, அடிப்படைச் சொற்களில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் ஒலிப் பொருத்தம். பிரேசில் கடற்கரையில் பேசப்பட்ட பழைய துப்பியில் ‘போ’ என்பதற்கு ஸோ, குவரானியில் ஹோ. அங்கே ‘அவன் பெயர்’ ஸேர, இங்கே ஹேர. அங்கே ‘தூங்கு’ கேர், இங்கே கடைசி மெய் விழுந்து கே. இப்படி ஸ-வுக்கு ஹ-வும், சொல்லிறுதி மெய்க்கு வெறுமையும் வரிசையாகப் பொருந்துவதால்தான் இரண்டும் உடன்பிறப்பு என்கிறோம். தமிழோடு அப்படி ஒரு வரிசை கிடையாது. ஆனால் உறவில்லாமலே அமைப்பு ஒத்துப்போவது கற்பவருக்குப் பெரிய உதவி. ஸ்பானிஷ் வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ போனால் வளைந்து வளைந்து விளக்க வேண்டியவை தமிழில் ஒரு வரியில் முடிகின்றன. அதைத்தான் கீழே உள்ள பதில்களில் பயன்படுத்தியிருக்கிறோம்.

கேள்வி: ‘தண்ணீர்’ என்பதற்கான ஓர் எழுத்துச் சொல்லை எப்படி உச்சரித்தாலும் தவறு என்கிறார்கள். வாயை எப்படி வைக்க வேண்டும்? (கல்லூரி மாணவி, கரோல் பாக்)

அந்தச் சொல் ஊ°. தமிழர்களுக்கு இது புதிய ஒலியே அல்ல. ‘பாக்கு’, ‘அது’, ‘காசு’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசி உகரத்தில் இதழ் குவிவதில்லை, பாருங்கள். அந்தக் குற்றியலுகரத்தைப் பிடித்து நிறுத்துங்கள். பிறகு நாக்கை அரை விரற்கடை முன்னே தள்ளுங்கள். இகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவில் நிற்கும். அங்கே அழுத்தம் கொடுத்தால் ஊ°. தவறு எங்கே வருகிறது என்றால், தமிழில் இந்த ஒலி எப்போதும் அழுத்தமில்லாத கடைசி அசையில்தான் வரும். அழுத்தம் கொடுக்கச் சொன்னவுடன் பழக்கத்தில் இதழ் குவிந்து முழு உகரம் ஆகிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று இதழை விரித்து வைத்துப் பழகினால் சரியாகிவிடும்.

மூக்கொலி உயிர்களும் அப்படியே. பேச்சில் ‘வந்தான்’, ‘மரம்’ என்று சொல்லும்போது கடைசி ன், ம் உதிர்ந்து உயிர் மூக்கில் ஒலிக்கிறது. குவரானியின் ஆறு உயிர்களுக்கும் அப்படி ஒரு மூக்கொலி இணை உண்டு. ஆக 12 உயிர், 21 மெய், மரபான அகரவரிசையில் 33 எழுத்து. இதில் தொண்டை அடைப்பும் ஒரு முழு எழுத்து. அதை விட்டுவிட்டுப் படித்தால் சொல்லே மாறிவிடும்.

கேள்வி: ‘நடக்கிறோம்’ என்பதில் ஜ, ‘பேசுகிறோம்’ என்பதில் ஞ. எதிர்மறையில் ஓரிடத்தில் ந்த, ஓரிடத்தில் ந. இதற்கு விதி உண்டா, மனப்பாடம் செய்ய வேண்டுமா? (முனிர்கா)

விதி உண்டு, நன்றாகவே வேலை செய்கிற விதி. வேரில் மூக்கொலி உயிரோ, ம, ந, ஞ போன்ற மெல்லினமோ, ம்ப, ந்த, ங்க போன்ற கூட்டொலியோ இருந்தால் அந்த மூக்குத்தன்மை இடப்பக்கமாகப் பரவி முன்னொட்டையும் பிடித்துக்கொள்ளும். குவத்தா (நட) வாய்வேர். ஞெ'ஏ~ (பேசு) மூக்குவேர். ஆகவே ஜகுவத்தா, ‘நாம் நடக்கிறோம்’. ஆனால் ஞஞெ'ஏ~, ‘நாம் பேசுகிறோம்’. ந்தகுவத்தாய், ‘நான் நடக்கவில்லை’; ஆனால் நஞெ'ஏ~ய், ‘நான் பேசவில்லை’. ‘உன்’ என்பது ந்தே. மூக்குவேருக்கு முன் நே. பின்னொட்டுகளிலும் சில மாறும்: ‘இல்’ என்ற பொருள் தரும் ப்பெ, மூக்குவேருக்குப் பின் மெ. ஓகப்பெ, வீட்டில், தெத்தா~மெ, நாட்டில்.

எதிர்மறை வேரை இருபுறமும் அணைத்து நிற்கிறது: முன்னால் ந்த், பின்னால் இ. இடர் வருவது நடுவில். ந்த்-துக்கும் மெய்யில் தொடங்கும் முன்னொட்டுக்கும் இடையே ஓர் உயிர் நுழைகிறது, அது பெரும்பாலும் பக்கத்து உயிரைப் பார்த்து அதே நிறம் எடுக்கிறது. ‘நீ நடக்கவில்லை’ ந்தெரெகுவத்தாய்; ‘நாங்கள் நடக்கவில்லை’ ந்தொரொகுவத்தாய்; ‘நாம் நடக்கவில்லை’ ந்தஜகுவத்தாய். ‘நீங்கள்’ மட்டும் விலகுகிறது: முன்னொட்டு பெ என்றாலும் ந்தபெகுவத்தாய்தான். இந்த ஒன்றை மனப்பாடம் செய்யுங்கள்.

எதிர்காலத்தில் இன்னொரு பொறி. ‘நடப்பேன்’ அகுவத்தாத்த. அதற்கு எதிர்மறைச் சட்டத்தை மாட்டினால் ‘நடக்கமாட்டேன்’ வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு, வராது. எதிர்மறையில் த்த என்ற எதிர்கால ஒட்டு எடுக்கப்பட்டு அங்கே மொ'ஆ~ உட்காருகிறது: ந்தகுவத்தமொ'ஆ~ய். ‘நடக்கவில்லை’க்கும் ‘நடக்கமாட்டேன்’க்கும் தமிழில் வேறு வேறு துணைவினை என்பதை நினைத்துக்கொண்டால் இது உறுத்தாது.

இதே மூக்கு விதி பிறவினையிலும் புகுந்து விளையாடுகிறது. ‘நடக்கவை’ ம்பொகுவத்தா, ஞெ'ஏ~-யோடு சேரும்போது மொஞெ'ஏ~. அதற்கு ‘வாசி’ என்று பொருள், எழுத்தைப் பேசவைப்பது. க-வில் தொடங்கும் சில வேர்கள் வாய்வேராக இருந்தும் மூக்கொலி எடுக்கும்: கரூ (உண்) → மொங்கரூ (ஊட்டு), கே (தூங்கு) → மொங்கே (தூங்கவை). இவற்றைத் தனியாகக் குறித்துவைப்பது நல்லது. செயப்படுபொருள் குன்றா வினைகளுக்கு இந்த முன்னொட்டு ஆகாது. பின்னால் உக்கா வரும். அஜப்போ ‘செய்கிறேன்’, அஜப்பொஉக்கா ‘செய்விக்கிறேன்’. ‘நட–நடத்து’ ஒரு வழி, ‘செய்–செய்வி’ இன்னொரு வழி என்று பழகிய நமக்கு இது உடனே பிடிபடும்.

கேள்வி: தில்லியில் வளரும் பிள்ளைகள் இந்தி ‘ஹம்’ பழக்கத்தில் நாம், நாங்கள் இரண்டையும் குழப்புகிறார்கள். குவரானியில் இந்த வேறுபாடு உண்மையில் கடைப்பிடிக்கப்படுகிறதா? (ஆசிரியை, ராமகிருஷ்ணபுரம்)

கறாராகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கேட்பவரைச் சேர்த்தால் ஞந்தே, விலக்கினால் ‘ஒரே’ என்ற குவரானிச் சொல். வினை முன்னொட்டும் அதற்கேற்ப ஜ/ஞ அல்லது ரொ. ஞந்தே ரோக ‘நம் வீடு’. ஒரே ரோக ‘எங்கள் வீடு’. விருந்தாளியிடம் ஞந்தே ரோக என்றால் அவருக்கும் வீட்டில் பங்கு உண்டு என்றாகும். ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அந்த வழியில் கற்பவர்கள் இங்கே நீண்ட நாள் தடுமாறுவார்கள்.

உங்கள் மாணவர்களுக்குக் காட்ட அழகான ஒரு சான்று இருக்கிறது. கிறிஸ்தவர்களின் முதன்மை ஜெபம் தமிழில் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்குகிறது. குவரானியில் அது ஒரே ரூ என்று தொடங்குகிறது. அதுவும் ‘எங்கள் தந்தை’. முன்னிலையில் நிற்பவர் கடவுளே என்பதால் அவரைச் சேர்க்க முடியாது. ஆனால் கடவுளுக்கான வழக்குச் சொல் ஞந்தெஜார, ‘நம் ஆண்டவர்’. அங்கே பேச்சு கடவுளிடம் அல்ல, உடன் இருப்பவரிடம். யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வகுப்பில் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தமிழ் ‘நாம்’ கூடச் சேர்ந்து தெளியும்.

கேள்வி: ‘நான் நடக்கிறேன்’ என்பதில் அ. ‘எனக்குக் களைப்பு’ என்பதில் ஷே. இது நம்முடைய ‘எனக்கு’ போலத்தானா? களைப்பு என்பது அங்கே வினையா, பெயரா? (மொழியியல் முதுகலை மாணவர், வடக்கு வளாகம்)

இந்தக் கட்டுக் கேள்விகளில் மிகச் சிறந்த கேள்வி இது. விரிவாகவே பார்ப்போம்.

குவரானி வினைகள் இரண்டு அணி. ஒன்று செயல் அணி: அ (நான்), ரெ (நீ), ஒ (அவன், அவள், அவர்கள்), ஜ/ஞ (நாம்), ரொ (நாங்கள்), பெ (நீங்கள்). அகுவத்தா, ரெகுவத்தா, ஒகுவத்தா என்று போகும். மற்றது நிலை அணி: ஷே, ந்தே/நே, இ, ஞந்தே/ஞனே, ஒரே, பெந்தே/பெனே. ஷே கனெ'ஓ~ ‘எனக்குக் களைப்பு’, நே கனெ'ஓ~ ‘உனக்குக் களைப்பு’, இக்கனெ'ஓ~ ‘அவனுக்குக் களைப்பு’. ஷே மந்து'ஆ ‘எனக்கு ஞாபகம் இருக்கிறது’, ஷே ரஸூ° ‘எனக்கு உடம்பு சரியில்லை’. வேர் ஒன்றாகவே இருந்து அணி மாறினால் பொருளும் மாறும்: அக்கரூ ‘சாப்பிடுகிறேன்’, ஷே கரூ ‘நான் நிறையச் சாப்பிடுகிறவன்’.

இப்போது ஷே எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். ஷே ரோக ‘என் வீடு’. ஷே ரெஷா ‘என்னைப் பார்க்கிறான்’. ஷே கனெ'ஓ~ ‘எனக்குக் களைப்பு’. உடைமை, செயப்படுபொருள், உணர்பவர் மூன்றுக்கும் ஒரே வடிவம். தமிழில் என், என்னை, எனக்கு மூன்றும் ‘என்’ என்ற ஒரே அடியிலிருந்து கிளைக்கின்றன. எழுவாயான ‘நான்’ மட்டும் தனியே நிற்கிறது. குவரானி அந்த ‘என்’னை வேற்றுமை உருபு இல்லாமல் அப்படியே வைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டால் அமைப்பு முழுவதும் தெளிவாகிறது. ஒரு வேறுபாடு: தனிப் பெயராக ‘நான்’ என்று அழுத்திச் சொல்லவும் ஷேதான்.

ஆனால் ‘எனக்கு’ என்று தமிழில் வருகிற இடமெல்லாம் நிலை அணி என்று முடிவுகட்டினால் ஏமாறுவீர்கள். ‘எனக்குப் பயம்’ என்கிறோம். குவரானியில் அக்கு°ஹு°ஜே, செயல் அணி. ‘எனக்குச் சந்தோஷம்’ அவு°'ஆ, அதுவும் செயல் அணி. மறுபக்கம் ‘நான் உயரம்’, ‘நான் அழகு’ என்று நாம் எழுவாயில் சொல்வது அங்கே நிலை அணி: ஷே புக்கூ, ஷே பொரா~. ஆகவே ஒவ்வொரு வினையையும் தன்மை வடிவத்தோடு சேர்த்தே குறித்துவையுங்கள்.

பெயரா, வினையா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வினை என்போரின் சான்று எதிர்மறை. நஷெக்கனெ'ஓ~ய் ‘எனக்குக் களைப்பு இல்லை’. வினைக்கு உரிய அதே அணைப்பு. வெறும் பெயரை மறுக்க ந்தஹ'ஏய் என்ற தனிச் சொல் வேண்டும்: ‘இது என் வீடு அல்ல’ என்பதில் அதுதான் வரும். இதோடு வழக்கு முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. ந்தஷெரோகய் என்று சொல்லலாம். ‘எனக்கு வீடு இல்லை’ என்று பொருள். வீடு என்பது ஐயத்துக்கு இடமில்லாத பெயர், அதையும் இதே அணைப்பு அணைத்துக்கொள்கிறது! அப்படியானால் ‘எனக்குக் களைப்பு’ என்பதும் ‘எனக்கு வீடு’ என்பதும் ஒரே வாக்கிய அச்சு. களைப்பு என்னிடம் இருக்கும் பொருள் என்கிறது எதிர்க்கட்சி. தமிழிலும் ‘எனக்கு வீடு இல்லை’, ‘எனக்குக் களைப்பு இல்லை’ இரண்டும் ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. உங்கள் கட்டுரையில் இந்த இரண்டு எதிர்மறைகளையும் அருகருகே வைத்து வாதிடுங்கள். எதிர்மறை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் நேர்முகத்தில் முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும். பெயர் என்ற கட்சிக்குக் கூடுதல் வலு இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ரொஹெஷா என்பதற்கு ‘உன்னைப் பார்க்கிறேன்’ என்று ஓரிடத்திலும் ‘நாங்கள் பார்க்கிறோம்’ என்று ஓரிடத்திலும் இருக்கிறது. அச்சுப் பிழையா? (லோதி ரோடு)

இரண்டும் சரி. குவரானி வினையில் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் சேர்த்து ஒரே இடம்தான். அந்த இடத்துக்குத் தன்மைக்கு முதல் உரிமை, அடுத்து முன்னிலை, கடைசியில் படர்க்கை. நான் அவனைப் பார்த்தால் அஹெஷா. ‘அவன்’ வினையில் தெரியமாட்டான். அவன் என்னைப் பார்த்தால் ஷே ரெஷா. இங்கேயும் தெரிவது ‘நான்’தான், ஆனால் நிலை அணியில். அவன் உன்னைப் பார்த்தால் ந்தே ரெஷா. நான் உன்னைப் பார்க்கும்போது மட்டும் இருவரையும் அடக்கிய தனி முன்னொட்டு: ஒருவரானால் ரொஹெஷா, பலரானால் பொஹெஷா. அந்த ரொ, ‘நாங்கள்’ குறிக்கும் ரொவோடு ஒலியில் ஒன்றிவிட்டது. ஐயம் வந்தால் முன்னால் ‘ஒரே’ (நாங்கள்) என்பதைச் சேர்த்துச் சொல்வார்கள்.

கேள்வி: ரெஸா என்ற சொல்லை அகராதியில் தேடி அலுத்துவிட்டேன். ஏன் இல்லை? (கரோல் பாக்)

த-வில் தேடுங்கள். பல பெயர்களுக்கு முதல் ஒலி மாறும். யாருடையது என்று சொல்லாமல் ‘கண்’ தெஸா. ‘என் கண்’ ஷே ரெஸா. ‘அவன் கண்’ ஹெஸா. ‘பெயர்’ தேர, ஷே ரேர, ஹேர. அகராதி த வடிவத்தைத் தலைச்சொல்லாக வைக்கும். ‘வீடு’ போன்ற சிலவற்றில் த கிடையாது: ஓக, ஷே ரோக, ஹோக. ‘தந்தை’ முறை தவறியது: தூவ, ஷே ரூ, இத்தூவ. வினைகளிலும் இது உண்டு. மேலே அஹெஷா என்பது ஷே ரெஷா ஆனது அதனால்தான். ஆகவே ர-வில் தொடங்கும் சொல் கிடைக்காவிட்டால் த, ஹ, பிறகு வெறும் உயிர் என்ற வரிசையில் தேடுங்கள். சொற்பட்டியல் எழுதும்போது மூன்று வடிவத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: பெயர்ச்சொல்லுக்குக் காலம் காட்டும் ஒட்டு உண்டு என்று வகுப்பில் சொன்னார்கள். வீட்டுக்கு ஏது இறந்தகாலம்? (முனிர்கா)

ம்புருவிஷா ‘தலைவர்’. ம்புருவிஷக்குவே ‘முன்னாள் தலைவர்’. ம்புருவிஷரா~ ‘தலைவராகப் போகிறவர்’. இரண்டு ஒட்டும் சேர்ந்து ம்புருவிஷரங்குவே என்றால் தலைவராக வேண்டியிருந்து ஆகாமல் போனவர். கடைசியதைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்ல முடியாது; அங்கே இரண்டு ஒட்டு போதும். மேன ‘கணவன்’, மெனரா~ நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை. பொருள்களுக்கும் வரும்: தெம்பி'ஊ ‘சாப்பாடு’, தெம்பி'உரா~ சாப்பாடாகப் போகிற பண்டம், அதாவது சமையல் சாமான். மூக்குவேருக்குப் பின் க்குவே, ங்குவே ஆகும்: அக்கா~ ‘தலை’, அக்கா~ங்குவே ‘மண்டையோடு’.

இது ‘காலம்’தானா என்பது பெரிய விவாதம். 2004-இல் ரேச்சல் நார்ட்லிங்கரும் லூயிசா சாட்லரும் உலக மொழிகளில் பெயர்க்காலம் உண்டு என்று வாதிட்டபோது குவரானியும் அவர்கள் சான்றுகளில் ஒன்று. 2007-இல் ஜூடித் டோன்ஹவுசர் குவரானியை எடுத்துக்கொண்டு மறுத்தார். அவர் வாதத்தின் உயிர்நாடி இது: வினையின் இறந்தகாலம் செயல் முடிந்துவிட்டது என்று சத்தியம் செய்யாது. ‘நேற்று அவனுக்குக் காய்ச்சல் இருந்தது’ என்றால் இன்றும் இருக்கலாம். ஆனால் ம்புருவிஷக்குவே என்றால் இன்று அவர் தலைவர் இல்லை. அந்த நிலை மாறியே இருக்க வேண்டும். தவிர, காலம் காட்டும் ஒட்டுகள் பொதுவாக ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. இங்கே ரா~-வும் க்குவே-யும் ஏறி ரங்குவே ஆகின்றன. எனவே இவை நிலைமாற்றம் காட்டுபவை, காலம் காட்டுபவை அல்ல என்பது அவர் முடிவு. இந்த வாதம் வலுவானது. தேர்வில் ‘பெயர்க்காலம்’ என்று எழுதினால் கூடவே இந்த மறுப்பையும் எழுதிவிடுங்கள்.

வினையின் பக்கமோ காலம் கட்டாயமே இல்லை. ஒகுவத்தா, ‘நடக்கிறான்’ என்றும் ‘நடந்தான்’ என்றும் இடத்தைப் பொறுத்துப் பொருள்படும். எதிர்காலத்துக்குத்தான் ஒட்டு வேண்டும்.

கேள்வி: ‘வந்தானாம்’ என்பதில் வரும் ‘ஆம்’ போல ஏதாவது உண்டா? (மயூர் விஹார்)

உண்டு. ஒஊ ‘வந்தான்’, ஒஊ ந்தஜே ‘வந்தானாம்’. பிறர் சொல்லிக் கேட்டது என்று பொறுப்பை இறக்கிவைக்கும் சொல், கதை சொல்லும்போதும் இதுவே வரும். ‘அட, வந்திருக்கிறானே’ என்று இப்போதுதான் கண்டுகொண்டதற்கு ஒஊ ர'ஏ. வினாவுக்கு நம் ‘ஆ’ போல ப்ப என்ற ஒட்டு.

செயப்படுபொருளிலும் ஓர் ஒற்றுமை: ‘குழந்தையைப் பார்த்தேன்’ என்பதில் ஐ உருபை விட முடியாது, ‘வீடு பார்த்தேன்’ என்பதில் விடலாம் அல்லவா? அங்கேயும் ஆளானால் ப்பெ/மெ வேண்டும்: அஹெஷா மித்தா~மெ. வீடானால் வெறுமனே அஹெஷா ஓக.

கேள்வி: பராகுவேயில் பேசுவது ஸ்பானிஷ் கலந்த குவரானி என்கிறார்கள். தில்லித் தமிழில் இந்தி கலப்பது போலவா? அதைப் படிப்பதால் பயன் உண்டா? (ராமகிருஷ்ணபுரம்)

அந்தக் கலப்புக்கு ஜொப்பரா என்று பெயர். கலக்கும் முறைதான் வேறு. நாம் வேற்றுமொழி வினையை நேரே ஏற்பதில்லை; ‘ஃபோன் பண்ணினேன்’ என்று ஒரு ‘பண்ணு’ வேண்டும். குவரானி ஸ்பானிஷ் வினையின் கடைசி ர்-ஐ வெட்டிவிட்டுத் தன் முன்னொட்டை நேரே மாட்டும்: எஸ்துதியார் (படி) → அஎஸ்துதியா ‘படிக்கிறேன்’. எதிர்கால ஒட்டும் எதிர்மறையும் வழக்கம்போல ஏறும். ஸ்பானிஷின் லா, லோ என்ற சுட்டிடைச் சொற்களையும் எடுத்துக்கொண்டது, ஆனால் பால் வேறுபாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு: லா ஒருமைக்கு, லோ பன்மைக்கு. ஸ்பானிஷில் ‘லா’ பெண்பால். இங்கே ஆணுக்கும் அதுவே. இலக்கணம் குவரானியுடையதுதான், சரக்கு மட்டும் ஸ்பானிஷ். களப்பதிவை எழுத்தாக்கும்போது இவற்றைப் ‘பிழை’ என்று நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் உயிரோடு இருக்கும் இலக்கணத்தின் பாதி போய்விடும்.

ஆறு முதல் ஒன்பது வரையான எண்ணுப்பெயர்கள், ‘கை’ என்ற போ-வோடு ஒன்று முதல் நான்கைச் சேர்த்து உருவாக்கியவை. பள்ளியில் சொல்லித் தருவார்கள், சந்தையில் ஸ்பானிஷ் எண்களே அதிகம் கேட்கும்.

கேள்வி: தில்லியில் இருந்துகொண்டு எப்படித் தொடங்குவது? கணினியில் எழுத்து சரியாக வர என்ன செய்ய வேண்டும்? (முனிர்கா, லோதி ரோடு வாசகர்கள்)

ஸ்பானிஷ் ஓரளவு தெரிந்தால் பாடப் பொருள் அதிகம் கிடைக்கும். அதற்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஸ்பானிஷ் மையமும் ஹனுமான் ரோட்டில் உள்ள செர்வாந்தேஸ் நிறுவனமும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் புரூனோ எஸ்டிகரிபியா எழுதிய முழு இலக்கணத்தை லண்டன் யுசிஎல் பிரஸ் 2020-இல் வெளியிட்டது. இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். வரலாற்று ஆர்வம் இருந்தால் அன்டோனியோ ரூயிஸ் தெ மொன்டோயா என்ற ஜேசுசபைப் பாதிரியார் 1639, 1640-இல் மாட்ரிட்டில் அச்சிட்ட அகராதியும் இலக்கணமும் இன்றும் ஆதாரங்கள். அவை லத்தீன் அச்சில் வார்த்தவை என்பதை நினைவில் வைத்து, வேற்றுமை, காலம் பற்றிய பெயர்களை அப்படியே நம்பாமல் எடுத்துக்காட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் இரண்டு சிக்கல். மூக்கொலி உயிர்களுக்கெல்லாம் யூனிகோடில் தனித்தனி எழுத்து உண்டு. ஆனால் மூக்கொலி க-வுக்கு இல்லை. க-வுக்கான ரோமன் எழுத்தைத் தட்டி, அதன்பின் 0303 என்ற எண்ணுள்ள இணைக்கும் அலைக்குறியைச் சேர்க்க வேண்டும். சில எழுத்துருவில் அலை பக்கத்தில் வழுக்கி விழும். எழுத்துருவை மாற்றினால் போதும், கோப்பு கெடவில்லை. உயிர்களையும் சிலர் இதேபோல இரண்டு குறியாகத் தட்டுகிறார்கள். பார்வைக்கு ஒன்றாக இருக்கும், தேடினால் கிடைக்காது. தொகுப்பை ஆராய்வதற்கு முன் முழுக் கோப்பையும் யூனிகோட் சீராக்கம் (இருவகையாகத் தட்டியதை ஒரே வகையாக்குவது) செய்யுங்கள்.

இரண்டாவது, தொண்டை அடைப்பு. சொற்செயலி தானாக அதை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். ஒரே கோப்பில் நேர்க்குறி பாதி, வளைகுறி பாதி என்று கலந்துவிட்டால் எண்ணிக்கை எல்லாம் தவறும். தானியங்கி மேற்கோளை முதல் நாளே அணைத்துவிட்டு ஒரே குறியைக் கடைசிவரை பயன்படுத்துங்கள். சொற்களைப் பிரிக்கும் நிரல் அந்தக் குறியில் சொல்லை இரண்டாக வெட்டுகிறதா என்று ஞெ'ஏ~ என்ற சொல்லை வைத்துச் சோதித்துப் பாருங்கள். வெட்டினால், அந்தக் குறியும் எழுத்தே என்று நிரலின் எழுத்துப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.